டிரெய்லரின் கிழக்கு ஜன்னல்

எங்கள் டிரெய்லர் வண்டியில் படுக்கையின் தலைமாட்டில் ஒரு ஜன்னல் இருக்கிறது. ஜன்னல் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, லாரியின் முன்கண்ணாடி போல வளைந்து நிற்கும் ஒரே கண்ணாடி. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அறை வாசலில் நின்று "வாவ்" என்பார்கள். நான் மூன்று வருடம் அதன் கீழே தலை வைத்துப் படுத்தவள். எனக்கு அந்த வார்த்தை ஒருநாளும் வாயில் வரவில்லை.

டிரெய்லர் வாங்கும் யோசனை என் வீட்டுக்காரருடையது. அப்போது எங்கள் மகளுக்குப் பதினைந்து வயது. ஒரே மகள். "இன்னும் மூணு வருஷம்தான். அப்புறம் காலேஜ், வேலைன்னு போயிடுவா. அதுக்குள்ள அவளோட சேர்ந்து நாலு இடம் பாத்துடணும்" என்றார். அவர் சொல்லி எனக்கு உடனே பிடித்துப்போன யோசனைகள் மிகக் குறைவு. இது அதில் ஒன்று. டெக்சஸில், ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் மூன்று அறைகளில் மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மகளின் கதவைத் தட்டி உள்ளே போனால், ஒரு காதிலிருந்து மட்டும் இயர்பட்ஸை எடுத்துவிட்டு "வாட், அம்மா?" என்பாள். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற முப்பதடி வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு எங்கே போய்விடுவாள்? அந்த மூன்று வருடமும் அவள் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு எதற்காகவும் நான் அந்த வண்டிக்குச் சம்மதிக்கவில்லை.

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. கல்லூரிக் காலத்திலிருந்தே கூடவே வருகிறது. முழுத் தூக்கம் தூங்கி எழுந்தால் நடு வெயிலில்கூட நடப்பேன், ஒரு கறுப்புக் கண்ணாடி போதும். தூக்கத்தின் நடுவில் வெளிச்சம் முகத்தில் விழுந்தால்தான் வினை. இடது கண்ணுக்குப் பின்னால் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் வாந்தி. அதன் பிறகு அன்றைய நாள் எனக்குக் கிடையாது. டாக்டர் சொன்னது இரண்டே விஷயம்: தூக்கம் கெடக் கூடாது, படுக்கிற அறை இருட்டாக இருக்க வேண்டும். வீட்டில் எங்கள் அறைக்கு இரட்டைத் திரை போட்டிருப்பது அதனால்தான். அந்தத் திரைக்குக் கம்பி மாட்டியவரே என் வீட்டுக்காரர்தான்.

டிரெய்லர் விற்கும் இடத்தில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு டெக்சஸ்காரர் எங்களை உட்காரவைத்து ஒரு படிவத்தை நீட்டினார். படுக்கை எப்படி வேண்டும், ஜன்னல் எப்படி வேண்டும், திரை எப்படி வேண்டும் என்று வரிசையாகக் கட்டங்கள். டிக் பண்ணிக் கொடுத்தால் தொழிற்சாலையில் அதன்படி செய்து அனுப்புவார்கள். என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, படுத்தால் தலை எந்தத் திசையில் இருக்கும் என்பது. தாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். வண்டியை எந்தத் திசையில் நிறுத்துகிறீர்களோ அந்தத் திசையில் இருக்கும் சார் என்றார். பாவம், அவர் வேறு என்ன சொல்ல முடியும்?

வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் குடும்பத்தில் சட்டம். எங்கள் குடும்பத்திலும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு மற்ற மூன்று திசையும் செல்லும். அவர்களுக்கு மேற்கும் ஆகாது. கிழக்கு உத்தமம், தெற்கு பரவாயில்லை. அலுவலகத்தில் எவன் எதைச் சொன்னாலும் "டேட்டா எங்க?" என்று கேட்டுத் துளைக்கிற மனிதர், இந்த ஒரு விஷயத்தில் யாரிடமும் எந்த டேட்டாவும் கேட்டதில்லை.

பிறகு ஜன்னலுக்கு வந்தோம். படுக்கையின் தலைமாடு வண்டியின் மூக்குப் பக்கம். அங்கே ஜன்னலே இல்லாமல் வெறும் சுவராக வாங்கலாம். அல்லது அந்தப் பெரிய கண்ணாடி. கண்ணாடி என்றால் அதற்கு இரண்டு விதத் திரை: ஒன்று காகிதம் போல மெல்லிய மடிப்புத் திரை, இன்னொன்று இழுத்துவிட்டால் அறையை முழு இருட்டாக்கும் கறுப்புத் திரை.

"ஏங்க, சுவரே போதும். இல்லன்னா அந்தக் கறுப்புத் திரையாவது போட்டுடுங்க. எனக்குக் காலைல வெளிச்சம் பட்டா தலைவலி வந்துடும்" என்றேன்.

அவர் படிவத்தில் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார். கறுப்புத் திரையைச் சுருட்டி வைக்கும் பெட்டி கண்ணாடியின் மேல்பக்கத்தில் நான்கு விரல் இடத்தை மறைக்கும். "வியூ கட் ஆகுதே. வியூவுக்குத்தான இவ்ளோ பெரிய விண்டோவே வாங்குறோம்? மடிப்புத் திரையே போதும், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். யார் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வது என்பதை அவர் சொல்லவில்லை.

தாடிக்காரர் என் பக்கம் திரும்பி, மேடத்துக்குக் காலை வெளிச்சம் பிடிக்குமா என்று கேட்டார். அந்த வண்டியை வாங்கி முடிக்கும் வரை என்னைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், அவள் விவசாயக் குடும்பத்துப் பெண், சூரியனுக்கு முன்னால் எழுந்துவிடுவாள் என்று ஆங்கிலத்தில் பெருமையாகப் பதில் சொல்லிவிட்டார். என் அப்பா ஈரோட்டில் பாங்க் மேனேஜராக இருந்தவர். நான் சென்னை டீமோடு பேசி முடித்துப் படுக்கும்போது நள்ளிரவு தாண்டிவிடும். எட்டு மணிக்கு முன்னால் எழுந்தது பிரசவத்தின்போதுதான். ஒரு வெளியாள் முன்னால் புருஷனைப் பொய்யனாக்க வேண்டாம் என்று சிரித்துவைத்தேன். மடிப்புத் திரைக்கு நேரே டிக் விழுந்தது.

முதல் பயணம் ஹில் கன்ட்ரி என்கிற குன்றுப் பகுதியில் ஓர் ஏரிக்கரைப் பூங்காவுக்கு. இந்தப் பூங்காக்களில் ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர் போட்ட இடம் உண்டு. எந்த இடத்தில் நிறுத்தினால் வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்பதை இணையத்தில் இருக்கும் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் வீட்டுக்காரர் புக் பண்ணுவதற்கு முன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஆராய்வார். ஓக் மர நிழலில் அருமையான இடம் இருக்கும், மூக்கு மேற்கே. வேண்டாம். தண்ணீரை ஒட்டி ஓர் இடம், மூக்கு வடக்கே. கிட்டவே போகக் கூடாது. கடைசியில் கழிப்பறைக்குப் பக்கத்தில், ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளியில், மூக்கு கிழக்கே பார்க்கிற இடத்தை வெற்றியோடு பிடிப்பார். போய்ச் சேர்ந்த பிறகும் நம்பிக்கை வராது. போனில் திசைகாட்டியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருவார். ஒருமுறை பூங்காக் காவலர் வண்டியை நிறுத்தி, சிக்னல் கிடைக்கவில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவர் போனதும் மறுபடியும் சுற்றினார். மகள் அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். அன்று நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் காலையில் சிரிப்பு போய்விட்டது. ஆறரை மணிக்கெல்லாம் அந்த மடிப்புத் திரை முழுவதும் டியூப் லைட் போட்ட மாதிரி எரிந்தது. எட்டு மணிக்கு நான் கழிப்பறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவும் மகளும் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்தார்கள். நாரை பார்த்தோம், மான் பார்த்தோம் என்று கதவுக்கு வெளியே மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள், எனக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதாம். மதியம் மூன்று மணிக்கு நான் எழுந்து வெளியே வந்தபோது அவள் தன் போனோடு படுத்திருந்தாள். அவளுக்குப் பேசுகிற நேரம் காலைதான் என்பதை நான் அந்தப் பயணங்களில்தான் கண்டுகொண்டேன். வீட்டில் எதற்கும் வாய் திறக்காத பெண், காலையில் நடக்கும்போது மடை திறந்த மாதிரி பேசுவாளாம். பள்ளிக்கூடத்துச் சண்டை, சிநேகிதிகள், பிடித்தது, பயந்தது எல்லாம். இதை எனக்குச் சொன்னவர் அவள் அப்பா.

நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த பயணத்தில் அவருடைய வேட்டியை நான்காக மடித்து, துணி கிளிப் போட்டு மாட்டினேன். வெள்ளை வேட்டி வெளிச்சத்தை வடிகட்டி இன்னும் சீராகக் கொடுத்தது. அதற்கடுத்து, கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமுக்காளம். நல்ல கனம், ஊசி முனை வெளிச்சம்கூட வராது. ஆனால் அந்தக் கனத்தை எந்த கிளிப்பும் தாங்கவில்லை, விடியற்காலையில் மொத்தமாக எங்கள் இரண்டு பேர் முகத்திலும் விழுந்தது. "ரேஷன் கடை குடோன் மாதிரி இருக்கு, எடுத்து உள்ள வை" என்றார். கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற பட்டையை மகள் வாங்கிக் கொடுத்தாள். அதன் எலாஸ்டிக் நெற்றிப்பொட்டை இறுக்கி, வெளிச்சம் வருவதற்கு முன்பே வலியைக் கொண்டுவந்தது. பிறகு சமையலறை அலுமினியத் தாள். அது வேலை செய்தது. ஒரே ஒரு காலை. நான் எட்டு மணிக்கு எழுந்து வெளியே வந்தால் அவர் ஏணி போட்டு வெளிப்பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"வெளிய இருந்து பாக்குறவன் என்ன நினைப்பான்? உள்ள போதை மருந்து காய்ச்சுறாங்கன்னு போலீசுக்கு போன் போட்டுடுவான்" என்று சொல்லி அவரே கிழித்து எடுத்தார்.

"அப்ப உள்பக்கம் ஒரு பலகை வெட்டி மாட்டுங்க. இல்ல, ஆர்டர் பண்ணி அந்தக் கறுப்புத் திரையவே போடச் சொல்லுங்க."

"அந்த ஃப்ரேம்ல ஒரு ஸ்க்ரூ போட்டா வாரண்டி போயிடும்."

"அப்ப மூக்கு மேற்க பாக்குற இடமா புக் பண்ணுங்க. எங்க வீட்ல மேற்க தலை வெச்சுப் படுத்தவங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

"உங்க வீட்ல" என்றார். அந்த இரண்டு சொல்லில் எங்கள் வம்சம் முழுவதையும் எடைபோட்டுத் தள்ளிவிட்டார். நான் படுக்கையில் திசை மாறி, கால்மாட்டில் தலை வைத்துப் பார்த்தேன். அதுவும் மேற்கே தலைதான், அதனால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கும் பயன் இல்லை, கண்ணாடி இப்போது நேராக முகத்துக்கு எதிரில் வந்துவிட்டது.

இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம், உனக்குக் கை கால் இல்லையா, நீயே ஒரு பலகையை வெட்டி மாட்டியிருக்கலாமே என்று. நானும் கேட்டுக்கொள்கிறேன். அலுவலகத்தில் நாற்பது பேர் நான் சொல்வதைக் கேட்டு நடக்கிறார்கள். ஒருநாள், இரண்டாவது வருடம், அந்தத் திரையை வைத்து எங்களுக்குள் பேச்சு முற்றி இரண்டு பேரும் கத்திக்கொண்டோம். மகள் தன் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, "இஃப் யூ கைஸ் ஆர் கோயிங் டு ஃபைட், ஐம் ஸ்டேயிங் ஹோம் நெக்ஸ்ட் டைம்" என்றாள். அவள் வராவிட்டால் அந்த வண்டியில் எனக்கு என்ன வேலை? அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டேன். மாத்திரை டப்பாவைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சண்டை இல்லாமல், அவள் இருக்கிற வண்டியில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அவள் இருந்தாள். நான்தான் இல்லை.

மூன்றாம் வருடம் ஏப்ரல். பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. ஆஸ்டினிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது, வீட்டிலிருந்தே போய் வரலாம். நியூஜெர்சியிலும் ஓர் இடம் கிடைத்திருந்தது. எதில் சேர்வது என்று மே மாதம் பிறப்பதற்குள் சொல்லியாக வேண்டும். வீட்டில் அதைப் பற்றி யார் கேட்டாலும் "ஐம் திங்கிங்" என்று நகர்ந்துவிடுவாள். அந்த வார இறுதியில் முதல் பயணம் போன அதே ஏரிக்குப் போயிருந்தோம். மாலையில் நான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து துடைக்க ஆரம்பித்தாள். கேட்காமல் அவள் ஒரு தட்டைத் துடைத்தது அன்றுதான்.

"அம்மா, டுமாரோ மார்னிங் என்கூட வாக் வரியா? ஜஸ்ட் அஸ். டாட் வேணாம்."

"வரேன் கண்ணு. எத்தன மணிக்கு?"

"எய்ட்? ஐ நீட் டு டாக் டு யூ."

எட்டு மணிக்கு என்று என்னை நினைத்துத்தான் சொல்லியிருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று படுக்கப் போகும்போது ஜமுக்காளத்தை எடுத்து வந்து, கிளிப்போடு கயிறும் கட்டி மாட்டினேன். "காலைல பொண்ணோட வாக் போகணும். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இதை எடுக்காதீங்க" என்று அவரிடம் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். சரி என்றார். விடிவதற்கு முன்னால் அவருக்குப் புழுக்கமாக இருந்திருக்கிறது. கண்ணாடியின் மூலையில் இருக்கும் சின்னக் காற்றுக் கதவைத் திறப்பதற்காக ஜமுக்காளத்தை அவிழ்த்து, மடித்து, அழகாகக் கால்மாட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார்.

ஏழு மணிக்கு என் முகத்தில் வெயில். ஏழேகாலுக்குக் கண்ணோரத்தில் மின்னல் மின்னலாகக் கோடுகள். மாத்திரை போட்டேன், அது வாந்தியோடு வெளியே வந்தது. எட்டு மணிக்கு அவள் ஷூ போட்டுக்கொண்டு அறை வாசலில் நிற்பது அரைக்கண்ணில் தெரிந்தது. எழுந்து நிற்கப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டடி வைத்ததும் மறுபடி குமட்டியது. அவள் ஈரத் துண்டைப் பிழிந்து என் நெற்றியில் வைத்தாள். "இட்ஸ் ஓகே, அம்மா. இட்ஸ் நத்திங்" என்றாள். கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் அப்பாவின் குரல் கேட்டது: "வாடா, நான் வரேன், போலாம்." இரண்டு ஜோடிக் கால்கள் சரளைக் கல்லில் நடந்து போகிற சத்தம். தலைக்குள் அந்த ஒவ்வொரு கல்லும் உருண்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் ஒரு செய்தி வாசிக்கிற தோரணையில் சொன்னார்: "மேடம் டிசைட் பண்ணிட்டாங்க. நியூஜெர்சி. நான்தான் சொன்னேன், வெளிய போனாத்தான் எக்ஸ்போஷர் கிடைக்கும்னு." நான் அவளைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். "நல்ல காலேஜ்" என்று சொன்னேன். என்னைக் கேட்கவில்லையே என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்கத்தான் வந்தாள், அது எனக்கே தெரியும்.

ஆகஸ்டில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

அக்டோபரில் ஒரு நீண்ட வார இறுதி வந்தது. என் வீட்டுக்காரரின் கல்லூரி நண்பர் ஒருவர், டாலஸில் இருப்பவர், மனைவியோடு எங்களோடு சேர்ந்து கேம்பிங் வந்தார். அவர்கள் கூடாரம் கொண்டுவந்திருந்தார்கள். நண்பருக்கு முதுகுவலி, அதனால் எங்கள் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நாங்கள் சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்கிப் படுத்துக்கொண்டோம். காலை ஏழரை மணிக்கு நண்பர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னடா இது, மூஞ்சிலயே டார்ச் அடிக்குது? மனுஷன் எப்படிடா தூங்குவான் இதுல?"

ஒரே ஒரு தடவை. விளையாட்டாக. காபியை வாங்கிக்கொண்டு அவர் அதை மறந்தே போய்விட்டார். என் வீட்டுக்காரர் மறக்கவில்லை. முகம் சுண்டிப்போய், காபியைக்கூட முழுவதும் குடிக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு மணி நேரத்தில் பக்கத்து ஊர்க் கடையிலிருந்து தெர்மாகோல் போன்ற ஒரு பெரிய நுரைப்பலகை, வெட்டுக்கத்தி, கறுப்பு டேப்போடு வந்து இறங்கினார். அளந்தார், குறித்தார், வளைவுக்கு ஏற்ற மாதிரி வெட்டினார். ஓரங்களில் டேப் ஒட்டி, ஃப்ரேமுக்குள் சிக்கென்று பொருத்தினார். ஸ்க்ரூ தேவைப்படவில்லை. வாரண்டி என்ற சொல்லும் வரவில்லை. நான் ரவையை வறுத்து, தாளித்து, உப்புமா கிண்டி இறக்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

எல்லாரும் உள்ளே போய்ப் பார்த்தோம். பட்டப்பகலில் அறை கும்மிருட்டு. நண்பர் கைதட்டினார். "சூப்பர்டா! இவ்ளோ ஈசியா? ஏன்டா மூணு வருஷமா செய்யல?"

"இவ சொல்லவே இல்லடா" என்றார் என் வீட்டுக்காரர். "சொல்லியிருந்தா அன்னிக்கே செஞ்சிருப்பேன்ல?"

நடிக்கவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். உண்மையாகவே அவருக்கு நான் சொன்னதாக நினைவில் இல்லை. நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவே இல்லை. கையில் உப்புமாத் தட்டோடு நின்றுகொண்டு, "சொன்னேன்" என்றேன். நண்பர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு பலமாகச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பிப் போனார்கள். அன்று இரவு நான் அந்த அறையில் படுத்தேன். கண் விழித்தபோது எத்தனை மணி என்றே தெரியவில்லை. போனைப் பார்த்தால் ஒன்பது இருபது. தலை லேசாக இருந்தது. எங்கும் வலியில்லை. அலுமினியத் தாள் மாட்டிய அந்த ஒரு நாளை விட்டால், மூன்று வருடத்தில் அந்த வண்டியில் எனக்குக் கிடைத்த முதல் காலை அது. எழுந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் அழுதேன். பிறகு ஷூ போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பாதையில் தனியாக நடந்தேன். பாதி தூரம் போனதும் மகளைக் கூப்பிட்டேன்.

"அம்மா? வாட் ஹாப்பன்ட்? ஆர் யூ ஓகே?"

"ஒண்ணுமில்ல கண்ணு. வாக் வந்தேன்."

"நீயா? டிரெய்லர்ல இருந்தா? இந்த டைம்லயா?"

பலகை போட்ட கதையைச் சொன்னேன். "ஃபைனலி!" என்று சிரித்தாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. வைத்துவிடப் போகிறாள் என்று பயந்து அவசரமாகக் கேட்டேன்.

"ஏப்ரல்ல எங்கூடப் பேசணும்னு சொன்னியே. நான் எழுந்திரிக்க முடியாமப் போச்சே. அன்னிக்கு என்ன சொல்ல வந்த?"

"ஓ, தட். காலேஜ் பத்திதான். உனக்குத் தெரியுமே."

"தெரியும். என்ன சொல்ல வந்தன்னு கேக்கறேன்."

"ஐ வாஸ் ஸ்கேர்ட், ஐ கெஸ். நீ போகாதேன்னு சொல்லுவன்னு நெனச்சேன். ஐ வான்டட் யூ டு ஸே இட். பட் டாட் கோன்னு சொன்னாரு, ஸோ..." பிறகு அவளே அவசரமாகத் தொடர்ந்தாள். "அம்மா, இட்ஸ் ஃபைன். ஐ லவ் இட் ஹியர். க்ளாஸ் இருக்கு, லேட்டர் பேசலாமா?"

"சரி கண்ணு. சாப்பிட்டுட்டுப் போ" என்றேன்.

திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் பலகையை வெளியே எடுத்து, பக்கத்து இடத்தில் வண்டி நிறுத்தியிருந்த வயதான அமெரிக்கத் தம்பதிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். எப்படி அளந்தேன், எப்படி வளைத்தேன் என்று விளக்கம். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வா, வா. எப்படித் தூங்கினன்னு அவங்ககிட்ட நீயே சொல்லு" என்றார்.

நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். "அன்னிக்கு அவ என்னைக் கூப்பிட்டது, போகாதேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லணும்னுதானாம்" என்று தமிழில் சொன்னேன். "நான் சொல்லியிருப்பேன். அவ இங்கயே இருந்திருப்பா."

அவர் பலகையைப் பிடித்தபடி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, ஒன்பது மணி வரை குழந்தை மாதிரி தூங்கினாளாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு புருஷன் கிடைக்க நீ கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்.